கொப்பியும் தூளும் அனுப்பியிருக்கிறேன்

வட்டக்கச்சி
வெள்ளிக்கிழமை இரவு

அன்புள்ள மகள்,

தூள் போத்தலுக்கு அடியில் சொப்பிங் பையில் சுற்றி இதை வைக்கிறேன். முதலில் போத்தலை எடுத்து மூடி இறுக்கமாக இருக்கிறதா என்று பார். போன முறை பஸ் குலுங்கி எள்ளுப்பாகு முழுவதும் தூளாகிவிட்டது என்றாய். இந்த முறை மூடிக்கு மேலே செலோரேப் சுற்றியிருக்கிறேன். தூள் நல்லது. மில்லில் கரண்ட் போய், பாதி அரைத்தபடி இரண்டு மணித்தியாலம் வாசலில் குந்தியிருந்து, முழுவதும் அரைத்துத்தான் கொண்டுவந்தேன். மல்லியைக் கொஞ்சம் கூட வறுத்துவிட்டேன் போல, நிறம் கறுப்பாக இருக்கும். பயப்படாதே.

போனில் சொல்லலாம்தான். ஆனால் நீ இப்போது "சாப்பிட்டன் அம்மா, சுகம் அம்மா, லாப்பில நிக்கிறன் அம்மா" என்று மூன்று வசனம் சொல்லிவிட்டு வைத்துவிடுகிறாய். தம்பி நேரம் பார்த்தான், 40 செக்கன். முன்பு என்னைப் படுக்கவிடமாட்டாய். லாப் குளிர்ப்பெட்டியில் தண்ணீர்ப் போத்தல்களுக்கு நடுவில் யாரோ மாங்காய் அச்சாறு வைத்து மேடம் ஏசின கதை, ஹற்றன் பிள்ளை ரொட்டி சுட்டுப் புகை வந்து போடிங்கே இருமின கதை, முதல் வருஷப் பிள்ளைகளுக்கு நீ செய்முறை காட்டப் போய் உன்னையே முதல் வருஷம் என்று நினைத்து ஒரு பெடியன் பகிடி விட்ட கதை. நான் பேராதனையைக் கண்ணால் கண்டதில்லை. ஆனால் உங்கள் லாப்பில் எந்தக் கதவு இறுகும், எந்தக் கதிரைக்கு ஒரு கால் ஆடும் என்று எனக்குத் தெரியும். இப்போது மூன்று மாதமாக ஒன்றும் தெரியாது.

சரி, வேலை கூட என்று நினைக்கிறேன். காலமை சாப்பிடாமல் போகாதே. வீட்டுக்கார அம்மே "கேம கேவத?" என்று கேட்டால் ஓம் என்று பொய் சொல்லாதே, அவ தருவதைச் சாப்பிடு. அவ நல்ல மனுசி. எனக்குத் தெரிந்த சிங்களமெல்லாம் செக்பொயின்ற்றில் படித்தது, அதை வைத்து அவவுடன் கதைக்க முடியாது. இல்லாவிட்டால் நானே போன் எடுத்து என் பிள்ளையைப் பார்த்துக்கொள்ளுங்கோ என்று சொல்லியிருப்பேன். மழையில் நனைந்தால் தலையைத் துவட்டு. அங்கே குளிர்.

இங்கே சிறுபோகத்துக்கு எங்களுக்குப் பங்கில் அரை ஏக்கர்தான் வந்தது. தம்பி லான்ட்மாஸ்டரை எடுத்துக்கொண்டு ஊர் முழுக்க உழுகிறான், காசு வருகிறது, டீசலுக்கே போகிறது. நாவல் மரத்தடிப் பசு கன்று போட்டது, கிடாரி. பெரியம்மாவின் காலுக்கு எண்ணெய் போட்டுப் பார்க்கிறோம். அவ இன்னமும் நீ டொக்டர் என்றுதான் நம்பிக்கொண்டிருக்கிறா. "எம்.பில் வேற, பெரியம்மா" என்று நீ போன பொங்கலுக்கு எவ்வளவு விளங்கப்படுத்தினாய். "அப்ப முழங்காலுக்கு மட்டும் ஒரு மருந்து சொல்லன்" என்றாவே. கோயிலில் எல்லாரும் எப்போது முடியும், எப்போது முடியும் என்று கேட்கிறார்கள். முடியும்போது முடியும், அது மா அரைக்கிற மாதிரியா என்று நான் சொல்லிவிடுவேன். பிறகு வீட்டுக்கு வந்து நானும் அதையே யோசிப்பேன். கலியாணக் கதை எடுத்த இரண்டு பேருக்கு நல்ல பதில் கொடுத்துவிட்டேன், அது உனக்குத் தேவையில்லை.

சித்திரை வருஷத்துக்கு வரவில்லை. கோபமில்லை. ஆனால் கண்டியில் தொடங்குகிற ஏ-9 தானே முறிகண்டியால் வந்து எங்கள் சந்திக்குப் போகிறது. ஒரே றோட்டு. ஏறி இருந்தால் இறங்குவதுதான் வேலை. வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கலுக்காவது வா.

இன்னொன்று. கண்டியில் கடையில் வேலை செய்கிற சந்திக்கடைப் பெடியன் ஒரு செவ்வாய்க்கிழமை, காலமை பத்து மணி இருக்குமாம், கம்பஸுக்குள் குறிஞ்சிக்குமரன் கோயில் படியில் உன்னைக் கண்டானாம். தனிய இருந்தாயாம். கையில் கொப்பி இல்லையாம். கூப்பிட்டானாம், நீ காணவில்லையாம். நான் ஒன்றும் கேட்கவில்லை. கோயிலுக்குப் போவது நல்லதுதான். செவ்வாய்க்கிழமையும் நல்ல நாள்தான். ஆனால் வேலை நாளில் பத்து மணிக்கு நீ லாப்பில் நிற்கவேண்டியவள் என்று எனக்குத் தெரியும், நீதானே சொல்லித் தந்தாய்.

சாப்பிடு பிள்ளை. மெலிந்துவிட்டாய் என்றும் அவன் சொன்னான்.

நீ இந்தப் படிப்புக்குப் போனது ஏன் என்று எனக்கு மறக்கவில்லை. 2021 இல் உரத்தை ஒரேயடியாக நிறுத்தினபோது வயல் மஞ்சளாக நின்றதே. அப்போது கொரோனா, நீ வீட்டில் இருந்து போனில் படித்துக்கொண்டிருந்தாய், சிக்னலுக்காக அந்த மண்கும்பியில் ஏறி நிற்பாய். கும்பியில் நின்றபடியே வயலைப் பார்த்து, "யூரியா போட்டாலும் கேள்வி இருக்கு அம்மா, போட்டது எல்லாம் எங்க போகுது, கிணத்துக்கோ?" என்றாய். நான் உனக்கு ஏசினேன். பயிர் சாகிறது, இவள் கிணற்றைப் பற்றிக் கதைக்கிறாள் என்று. பிறகு அறிவியல் நகர் கம்பஸில் முடித்து, பேராதனையில் இடம் கிடைத்து, அந்தக் கேள்வியையே தூக்கிக்கொண்டு போனாய். எங்கள் கிணறு உட்பட 14 கிணறு. எங்கள் வீட்டுக்கு மழைமானியும் அளவு நாடாவும். அளப்பது நான்.

அன்றைக்கு நான் எவ்வளவு பெருமைப்பட்டேன் என்று உனக்குத் தெரியாது. ஓ.எல்லுக்குப் பிறகு ஒருவரும் என்னிடம் ஒன்றை எழுதித் தா என்று கேட்டதில்லை. கேட்டதெல்லாம் பதிவுதான். நீ கொப்பியில் கோடு போட்டுத் தந்தாய், திகதி, மழை, நீர்மட்டம், குறிப்பு என்று நான்கு கட்டம். கிணற்றுக்கட்டில் சிவப்புப் பெயின்ற் பூசி, எப்போதும் அந்த இடத்தில் இருந்துதான் அளக்கவேண்டும் என்றாய். நாடாவின் நுனியில் போல்ட் கட்டினாய், தண்ணீரில் படும்போது "டொப்" என்று சத்தம் வரும், அந்தச் சத்தத்தில் பிடி என்றாய். மோட்டர் போடுவதற்கு முன்னால் அளக்கவேண்டும். மழையை எட்டரைக்குப் பார்க்கவேண்டும், கண்ணுக்கு நேரே பிடித்து, தண்ணீரின் கீழ் வளைவைப் பார்க்கவேண்டும். முருங்கை மழைமானிக்கு மறைக்கிறது என்று கொப்பையே வெட்டச் சொன்னாய், நல்லாகக் காய்க்கிற கொப்பு. வெட்டினேன். தம்பி எட்டரைக்கு மோட்டர் கேட்டால் "அளக்கேல்ல இன்னும்" என்று பெரிய அதிகாரி மாதிரிச் சொல்லுவேன்.

அப்போது நீ ஒன்றைத் திருப்பித் திருப்பிச் சொன்னாய். அளக்காவிட்டால் வெறுமையாக விடுங்கோ அம்மா, இல்லாததை எழுதாதேங்கோ.

நவம்பரில் அம்மம்மாவை வவுனியா ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோமே. நான் அவவோடு நின்றேன். 9 ஆம் திகதி விடியப் போனவள், 19 ஆம் திகதி பின்னேரம்தான் வீட்டுக்கு வந்தேன். தம்பி வயலில். அவனுக்குச் சொல்லிவிட்டுப் போகவில்லை, அந்த அவசரத்தில் எனக்கு ஞாபகமே இல்லை. வந்து கொப்பியைத் திறந்தால் 11 வரி. ஒன்றும் இல்லை.

நான் எழுதினேன், மகள்.

மழைமானியில் தண்ணீர் நின்றது, அதை ஊற்றினேன். பக்கத்து வீட்டு அக்காவிடம் மழை பெய்ததோ என்று கேட்டேன். "ரெண்டு ராத்திரி பெஞ்சது, எந்த ராத்திரி எண்டு தெரியேல்ல" என்றா. நானே இரண்டு நாளைத் தெரிந்து 22 என்றும் 17 என்றும் போட்டேன். ஒரு நாளுக்கு 3. மற்றதெல்லாம் பூச்சியம். கிணற்றுக்கு, 8 ஆம் திகதி இருந்ததில் இருந்து ஒரு நாளைக்கு நான்கு சென்ரிமீற்றர், ஐந்து சென்ரிமீற்றர் என்று ஏற்றிக்கொண்டு வந்து 20 ஆம் திகதி உண்மையாக அளந்ததோடு பொருத்திவிட்டேன். வடிவாகப் பொருந்தியது. ஒரே பேனையால் எழுதினதாகத் தெரியக்கூடாது என்று தம்பியின் நீலப் பேனையையும் எடுத்து மாறி மாறி எழுதினேன். இதைச் சொல்லத்தான் எனக்குக் கூச்சமாக இருக்கிறது, மற்றதை விட.

மாசக் கடைசியில் வந்த பெருமழைக்கு, வெள்ளம் முற்றத்துக்குள் வரும்போதும் குடை பிடித்துக்கொண்டு போய் அளந்தேன். செய்ததைக் கழுவுகிற மாதிரி. அந்த நாள்களெல்லாம் உண்மை, நம்பு.

ஏன் வெறுமையாக விடவில்லை என்று நீ கேட்பாய். எனக்குக் கட்டத்தை வெறுமையாக விடத் தெரியாது. யுத்தம் முடிந்து இருந்த முகாமில் எத்தனை படிவம். செட்டிகுளத்தில் ஒரு கட்டம் விட்டால் திரும்பவும் வரிசையின் கடைசியில் போய் நிற்கவேண்டும், உங்கள் இரண்டு பேரையும் வெயிலில் வைத்துக்கொண்டு. உனக்கு 11 வயது, அவன் கையில். தெரியாது என்று எழுதினால் ஏன் தெரியாது என்று கேள்வி. அதனால் எதையாவது எழுதிவிடுவோம், எல்லாரும். பொருந்தினால் சரி. கணவர் என்ற கட்டத்தில் ஒவ்வொரு படிவத்திலும் நான் என்ன எழுதினேன் என்று உனக்குத் தெரியும், நீதானே பக்கத்தில் நின்று பார்த்தாய். புதுமாத்தளனில் இருந்து உன்ர தேர்ச்சி அறிக்கை இருந்த பையை நெஞ்சில் கட்டிக்கொண்டு வந்தவள் நான். உன் படிப்புக் கொப்பியில் பொய் எழுதினதும் நான்தான்.

பொங்கலுக்கு வந்து பக்கம் பக்கமாகப் போனில் படம் எடுத்தாய். நான் அடுப்படியில் நின்றேன். அப்போதே சொல்லியிருக்கலாம். பிறகு மாசியில் ஒரு நாள் போன் எடுத்து, "அம்மா, நவம்பர் 14 மழை பெஞ்சதோ? நீங்க பூச்சியம் போட்டிருக்கிறீங்க, மற்றக் கிணறெல்லாம் அண்டைக்கு ஒரேயடியா ஏறியிருக்கு, எங்கட மட்டும் ஏறேல்ல" என்று கேட்டாய். குரலில் சந்தோஷம் மாதிரி இருந்தது, புதிதாக ஒன்றைக் கண்டுபிடித்தவள் மாதிரி. நான் "இல்லைப் பிள்ளை, வெய்யில்" என்றேன். நல்ல வெய்யில் என்றும் சொன்னேன்.

அதற்குப் பிறகுதான் நீ கதைப்பது குறைந்தது. அல்லது எனக்கு அப்படித் தோன்றுகிறது. நீ அந்தப் பூச்சியத்தை வைத்துக்கொண்டு, எங்கள் கிணறு ஏன் ஏறவில்லை என்று மூன்று மாதமாக மண்டையை உடைக்கிறாயோ? மேடத்துக்கு அதை எழுதிக் கொடுத்துவிட்டாயோ? ஆறு மாதத்துக்கு ஒருமுறை எல்லாருக்கும் முன்னால் நின்று விளங்கப்படுத்தவேண்டும் என்பாயே, அதில் வைத்து ஆராவது கேட்டுவிட்டார்களோ? அல்லது உனக்கே விளங்கி, அம்மாவிடம் எப்படிக் கேட்பது என்று படியில் போய் இருந்தாயோ? வேறு ஏதும் காரணம் என்றால் அதையும் சொல்லு. படிப்பு வேண்டாம் என்றிருந்தாலும் சொல்லு. நான் ஏசமாட்டேன். ஏசுவேன், ஆனால் பிறகு விட்டுவிடுவேன்.

கொப்பியையும் இந்தப் பார்சலில் வைத்திருக்கிறேன். 9 இல் இருந்து 19 வரைக்கும் சிவப்புப் பேனையால் கோடு போட்டு, குறிப்புக் கட்டத்தில் "அளக்கவில்லை" என்று எழுதிக் கையெழுத்து வைத்திருக்கிறேன். மேடத்துக்குக் காட்டு, என் பெயரையே சொல்லு. அந்த நாள்களுக்கு இரணைமடுவில் நீர்ப்பாசனத்துக்காரர் எழுதின மழைக் கணக்கு இருக்கும், தம்பி போய்க் கேட்கிறேன் என்கிறான். அது உனக்கு உதவுமோ தெரியாது. எட்டரைக்குத்தான் அவர்களும் பார்ப்பார்களோ என்று கேட்கச் சொல்லியிருக்கிறேன்.

பார்சல் நாளை இரவு பஸ்ஸில் வரும், கண்டியில் விடிய இறக்குவான். கொண்டக்டரின் நம்பரைத் தம்பி அனுப்புவான். ஸ்வெற்றர் போட்டுக்கொண்டு போ. புழுக்கொடியல் கொஞ்சம்தான், ஹற்றன் பிள்ளைக்கும் மட்டக்களப்புப் பிள்ளைக்கும் கொடு. வீட்டுக்கார அம்மேக்குப் பனங்கட்டி தனியாகச் சுற்றி வைத்திருக்கிறேன்.

புதுக் கொப்பி தொடங்கிவிட்டேன். கோடு நீ போட்ட மாதிரி நேராக வரவில்லை. இன்று காலமை மழை 0, கிணறு 4 மீற்றர் 12. நேற்றுக் கன்றுக்குட்டியோடு மினக்கெட்டதில் தம்பி எனக்கு முதல் மோட்டரைப் போட்டுவிட்டான். நேற்றையதை வெறுமையாக விட்டிருக்கிறேன்.

அம்மா