தவறான விடைக்குக் கிடைத்த பச்சைக் குறி

அனுப்புநர்:
உங்கள் ‘புள்ளியியல் அடிப்படைகள்’ பாடத்தில் கட்டணம் செலுத்திப் பயிலும் ஒருவர்

பெறுநர்:
கற்பவர் உதவிப் பிரிவின் பொறுப்பாளர் அவர்கள்

பொருள்: பயிற்சி வினாவின் தவறான விடை, முடங்கிய மதிப்பீடு, பதிலில்லாத உதவிப் பிரிவு – கட்டணத்தைத் திருப்பித் தரக் கோருதல்

ஐயா / அம்மா,

வணக்கம். இதற்கு முன் உங்களுக்கு நான்கு முறை எழுதிவிட்டேன். நான்குக்கும் நொடிப்பொழுதில் பதில் வந்தது. நான்கையும் எழுதியது இயந்திரம். இதையாவது ஒரு மனிதர் வாசிப்பார் என்று நம்பி, நடந்ததைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

எட்டு வார இணையவழிப் பாடம் இது. முதல் நான்கு வாரங்களைப் பற்றி எனக்குப் பெரிய குறை இல்லை. ஆசிரியர் நிதானமாக, அழகாக விளக்குகிறார். வீடியோவின் வசன வரிகளில் ‘மீடியன்’ (வரிசைப்படுத்திய எண்களின் நடு எண்) வரும் இடமெல்லாம் ‘மீடியம்’ என்று இருக்கிறது. அதைச் சிரித்துக் கடந்துவிட்டேன். காது கேளாதவர் ஒருவர் அந்த வரிகளை மட்டுமே நம்பிப் படித்தால் என்ன ஆவார் என்ற எண்ணம் பிறகுதான் வந்தது.

சிக்கல் ஐந்தாம் வாரத்தில் தொடங்கியது. அந்த வாரப் பயிற்சியின் மூன்றாவது கேள்வி, ஒரு மாதிரியின், அதாவது முழுத் தொகுதியிலிருந்து எடுத்த சில எண்களின், திட்ட விலக்கத்தைக் கேட்கிறது; எண்கள் சராசரியிலிருந்து எவ்வளவு சிதறியிருக்கின்றன என்பதன் அளவு அது. மாதிரி என்றால் எண்ணிக்கையில் ஒன்றைக் கழித்துவிட்டு வகுக்க வேண்டும் என்று இரண்டாம் வார வீடியோவில் உங்கள் ஆசிரியரே பாடம் நடத்துகிறார். அவர் காட்டும் வழியிலேயே ஒரு சிறு கணக்கு போடுகிறேன். 4, 6, 8, 10, 12 என்று ஐந்து எண்கள். சராசரி 8. விலகல்களின் வர்க்கங்களைக் கூட்டினால் 40. அதை நான்கால் வகுத்து வர்க்கமூலம் கண்டால் 3.16; ஐந்தால் வகுத்தால் 2.83. மாதிரிக்கு முதல் விடைதான் சரி. விடையைத் திருத்தும் உங்கள் நிரலோ இரண்டாவது முறையில் வருவதையே சரி என்கிறது.

இதற்கான காரணத்தை ஊகிப்பதும் கடினமில்லை. பைத்தான் நிரல்மொழியில் கணக்குகளுக்குப் பயன்படும் நம்பை (NumPy) நூலகத்தின் திட்ட விலக்கக் கட்டளை, நாம் வேறு விதமாகச் சொல்லாவிட்டால், முழு எண்ணிக்கையால் வகுக்கும். பாண்டாஸ் (pandas) என்ற இன்னொரு நூலகத்தின் கட்டளை ஒன்றைக் கழித்து வகுக்கும். விடையைத் தயாரித்தவர் நம்பையை அப்படியே ஓடவிட்டிருக்க வேண்டும். ஒரே ஒரு வரியைத் திருத்தினால் போதும்.

அந்த ஒரு வரிக்காக நான் ஒன்பது மாலைகளைத் தொலைத்தேன். தவறு உங்களுடையதாக இருக்கும் என்று முதல் எட்டு நாளும் எனக்குத் தோன்றவே இல்லை. படிப்பை விட்டு வெகுகாலம் ஆனவன் நான். சிவப்புக் குறியைப் பார்த்ததும் என் மூளைக்குத் துரு ஏறிவிட்டது என்றுதான் நினைத்தேன். வீடியோவைத் திரும்பத் திரும்பப் பார்த்தேன். தாளில் கையால் போட்டேன். தசம இடங்களை மாற்றி மாற்றி உள்ளிட்டேன். வகுப்பறையாக இருந்தால் பக்கத்து இருக்கைக்காரரின் தாளை எட்டிப் பார்த்திருப்பேன், கணக்கு ஐந்து நிமிடத்தில் தீர்ந்திருக்கும். உங்கள் பாடத்தில் எனக்குப் பக்கத்து இருக்கை கிடையாது.

ஒன்பதாம் நாள் விவாதப் பக்கத்தில் தேடினேன். இதே கேள்வியைப் பற்றி அறுபதுக்கும் மேற்பட்ட பதிவுகள் இருந்தன. முதல் பதிவு ஓராண்டுக்கும் முந்தையது. பாடக் குழுவிலிருந்து ஒருவர்கூட வாய் திறக்கவில்லை. இறுதியில் என்னைப் போன்ற ஒருவர், “தவறு என்று தெரிந்தே முழு எண்ணிக்கையால் வகுத்துப் போடுங்கள், கடந்துவிடலாம்” என்று எழுதியிருந்தார். போட்டேன். பச்சைக் குறி விழுந்தது. ‘அருமை!’ என்றது திரை. எந்தப் பாராட்டும் என்னை இவ்வளவு கூசவைத்ததில்லை.

புகார்களுக்குத் தானாகப் பதில் எழுதும் உங்கள் சாட்பாட்டைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. விடை தவறு என்று நான் எழுதினால், பிரவுசரின் கேஷை (தற்காலிகச் சேமிப்பை) அழித்துப் பார்க்கச் சொல்கிறது. நான்கு முறையும் அதையேதான் சொன்னது. அடுத்த மூன்று நாளில் புகார் ‘தீர்க்கப்பட்டது’ என்று மூடப்பட்டு, எங்கள் சேவைக்கு எத்தனை நட்சத்திரம் என்று ஒரு கேள்வியும் வருகிறது.

இந்த ஒன்பது நாள் தாமதம் ஏழாம் வாரத்தில் இன்னொரு வினையாக முளைத்தது. அங்கே நம் கட்டுரையைச் சக மாணவர்கள் மூவர் மதிப்பிட வேண்டும். கெடு தாண்டியதால் என்னைப் பிறகு தொடங்கிய மாணவர்களின் அணிக்கு மாற்றியிருந்தீர்கள். அந்த அணியில் அந்த வாரத்தை எட்டியவர்களே மிகக் குறைவு. ஒரே ஒருவர் வந்து, ‘கோப்பு திறக்கவில்லை’ என்று எழுதி பூஜ்ஜியம் போட்டுவிட்டுப் போனார். அவர் மீது எனக்குக் கோபமில்லை, அவரும் மாணவர்தான். மேல்முறையீட்டுக்கு ஒரு பொத்தானாவது வைத்திருக்கலாமே. மீதி இருவருக்காகக் காத்திருக்கும் வேளையில் என் கணக்கிலிருந்து மாதக் கட்டணத்தை இரண்டு முறை எடுத்துக்கொண்டீர்கள்.

என் புகாரின் சாரமே இதுதான். மாதக்கணக்கில் கட்டணம் வாங்கும் ஏற்பாட்டில், நான் எவ்வளவு நாள் சிக்கி நிற்கிறேனோ அவ்வளவுக்கு உங்களுக்கு வரவு. நீங்கள் வேண்டுமென்றே செய்கிறீர்கள் என்று சொல்ல மாட்டேன். ஆனால் உங்கள் தவறைத் திருத்த உங்களுக்கு எந்த அவசரமும் இல்லை. தாமதத்துக்கான செலவு முழுவதும் என் தலையில் விழுகிறது.

இலட்சக்கணக்கானோர் படிக்கும் இடத்தில் ஒவ்வொருவருக்கும் எப்படிப் பதில் சொல்வது என்று கேட்பீர்கள். எவரும் சேரக்கூடிய இந்த வகை இணையப் பாடங்களுக்கு 2008-இல் ‘மூக்’ (MOOC) என்ற பெயர் கிடைத்தபோது, கனடாவின் மனிடோபா பல்கலைக்கழகம் நடத்திய வகுப்பில் கட்டணம் கட்டியவர்கள் ஏறத்தாழ 25 பேர், இலவசமாகச் சேர்ந்தவர்கள் சுமார் 2,200 பேர். மூன்றே ஆண்டுகளில் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் செயற்கை நுண்ணறிவுப் பாடத்தில் 1,60,000 பேர் பதிவு செய்தார்கள். எண்ணிக்கை பெருகியதை நானும் அறிவேன். ஆனால் நான் கேட்பது தனி ஆசிரியரை அல்ல. அறுபது பேர் ஒரே கேள்வியைக் கேட்டிருக்கிறார்கள். அதற்கு ஒரு பதில் போதும். அமெரிக்காவின் ஜார்ஜியா டெக் பல்கலைக்கழகம் 2016-இல் தன் இணையவழி முதுகலை வகுப்பில் வழக்கமான கேள்விகளுக்கு விடையளிக்க ஒரு செயற்கை நுண்ணறிவு உதவியாளரை அமர்த்தியது. கூடவே மனித உதவியாளர்களும் இருந்தார்கள். நீங்கள் இயந்திரத்தை வைத்துக்கொண்டு மனிதரை அனுப்பிவிட்டீர்கள்.

அதே கல்வி நிறுவனம் 2013-இல், இணையத்தில் பாடம் நடத்துவது எப்படி என்ற பாடத்தையே நடத்தியது. சுமார் 40,000 பேர் சேர்ந்தார்கள். குழு பிரிக்க வைத்திருந்த இணைய விரிதாள் கூட்டம் தாங்காமல் தடுமாறியது. முதல் வாரத்திலேயே பாடத்தை நிறுத்திவைத்துவிட்டார்கள். தலைப்பை நினைத்தால் சிரிப்பு வரத்தான் செய்கிறது. இருந்தாலும், கோளாறு இருக்கிறது என்று ஒப்புக்கொண்டு நிறுத்தினார்கள்; உங்களிடம் எனக்கு அந்த ஒப்புதல்கூடக் கிடைக்கவில்லை.

பாதியில் விடுவோர் எப்போதும் உண்டு என்ற சமாதானமும் என்னிடம் செல்லாது. அமெரிக்காவின் எம்.ஐ.டி., ஹார்வர்டு பல்கலைக்கழகங்களின் இணையப் பாடங்களை ஆராய்ந்து 2019-இல் வெளியான கட்டுரையின்படி, 2017–18-இல் பதிவு செய்தவர்களில் சுமார் 3 விழுக்காட்டினரே முடித்தார்கள். சான்றிதழுக்காகப் பணம் கட்டியவர்களிலோ 46 விழுக்காட்டினர் முடித்தார்கள். எட்டிப் பார்த்துவிட்டுப் போகிறவன் அல்ல நான். பணம் கட்டி, ஏழாம் வாரம் வரை வந்தவன்.

ஆகவே, அந்த மூன்றாவது கேள்வியின் விடையைத் திருத்தி, தவறான விடையால் தேறிய எங்கள் அனைவருக்கும் அதைத் தெரிவியுங்கள். என் கட்டுரையைப் பாடக் குழுவில் ஒருவர் மதிப்பிடட்டும். மதிப்பெண் குறைந்தால் ஏற்றுக்கொள்கிறேன். நான் காத்திருந்த இரண்டு மாதக் கட்டணத்தையும் திருப்பித் தாருங்கள். இனி யாருடைய புகார் நிலுவையில் இருந்தாலும், அது தீரும்வரை அவருக்குக் கெடுவும் கட்டணமும் ஓடாமல் நிறுத்திவையுங்கள்.

பதினைந்து நாட்களுக்குள் பதில் வராவிட்டால் நுகர்வோர் குறைதீர் அமைப்பை அணுகுவேன். கணக்கின் படிகளையும் திரைப்பிடிப்புகளையும் நான்கு புகார் எண்களையும் இணைத்திருக்கிறேன். கேஷை அழித்துவிட்டேன், அதைப் பற்றி மட்டும் மறுபடி எழுத வேண்டாம்.

இப்படிக்கு,
ஏழாம் வாரத்தில் காத்திருக்கும் கற்பவர்