பெரிய டிவிக்குக் கணினி கேட்டு வருவோருக்கு

அன்பான வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். ஹோலில் இருக்கும் பெரிய டிவியில் கேம் விளையாட ஒரு கணினி பொருத்தித் தரச் சொல்லி கல்லடி, காத்தான்குடி, களுவாஞ்சிக்குடி என்று பல பக்கமிருந்தும் வருகிறீர்கள். "எந்த கிராபிக்ஸ் கார்ட் (கேமின் படத்தை வரைந்து தரும் பாகம்) நல்லது?" என்பதுதான் முதல் கேள்வி. நாங்கள் திருப்பி "உங்கள் டிவி எது?" என்று கேட்கிறோம். கார்டுக்கு எவ்வளவு செலவழிக்கலாம் என்பதை டிவிதான் தீர்மானிக்கிறது.

4கே திரையில் 3840க்கு 2160, அதாவது கிட்டத்தட்ட 83 இலட்சம் புள்ளிகள். 1080 திரையில் (1920க்கு 1080) அதில் கால்பங்குதான். ஆனால் உங்கள் டிவி 60 ஹெர்ட்ஸ், அதாவது நொடிக்கு 60 காட்சி மட்டுமே காட்டும் என்றால், நொடிக்கு 120 காட்சி தரும் கார்டுக்குக் கொடுக்கும் காசின் பெரும்பகுதி திரையில் தெரியாது. பெட்டியில் "மோஷன் ரேட்" என்று போட்டிருக்கும் பெரிய எண்ணை நம்பி ஏமாற வேண்டாம், திரையின் உண்மையான வேகம் அதுவல்ல. 4கேயில் 120 ஹெர்ட்ஸ் முழு நிறத்தோடு வர, கணினியை டிவியோடு இணைக்கும் எச்டிஎம்ஐ 2.1 வகையாக இருக்க வேண்டும். அது நொடிக்கு 48 கிகாபிட் வரை கடத்தும், 2.0 என்றால் 18 மட்டுமே. பல டிவிகளில் ஒன்றிரண்டு துளைகள்தான் 2.1. சிலவற்றில் சவுண்ட்பார் செருகும் துளையும் அதுவாகவே இருக்கும். அதனால் டிவியின் பின்பக்கத்தையும் மாடல் எண்ணையும் போனில் படம்பிடித்துக்கொண்டு வாருங்கள்.

60 ஹெர்ட்ஸ் டிவி வைத்திருப்பவர்கள் கவலைப்படத் தேவையில்லை. செட்டியில் எட்டு, பத்து அடி தள்ளி இருந்து பார்க்கும்போது, 1440 அளவில் (2560க்கு 1440) வரைந்து, டிஎல்எஸ்எஸ் அல்லது எஃப்எஸ்ஆர் என்ற படம் பெரிதாக்கும் மென்பொருள் நுட்பம் மூலம் 4கேக்கு உயர்த்திய படத்தை அசல் 4கேயிலிருந்து பிரித்தறிவது கஷ்டம். எனவே நடுத்தரக் கார்ட் ஒன்றே போதும் என்பது எங்கள் கருத்து. பிள்ளைகள் 1080இல் ஃபுட்போல், கார் ரேஸ் விளையாட மட்டும் என்றால் தனிக் கார்டே வேண்டாம், ரைசன் 5 8600ஜி போன்ற பிராசஸர் சிப்பிலேயே உள்ள கிராபிக்ஸ் சமாளிக்கும். ஆனால் ரேம் இரண்டு துண்டாகப் போடுங்கள். ஒற்றைத் துண்டு போட்டால் வேகம் நன்றாகவே குறையும்.

மிச்சக் காசை எங்கே போடுவது? காற்றோட்டத்திலும் மின் பாதுகாப்பிலும்.

கச்சான் காற்று வீசும் மாதங்களில் நம் வீடுகளின் சூடு உங்களுக்குத் தெரியும். அப்போது கண்ணாடிக் கதவு போட்ட டிவி அலுமாரிக்குள் கணினியை வைத்தால், அது தன் சூட்டையே திரும்பத் திரும்ப இழுத்துக்கொள்ளும். கார்ட் தானாக வேகத்தைக் குறைக்கும், ஃபேன் இரையும். சின்னஞ்சிறு கேஸ் அழகுதான். இருந்தாலும் 140 மில்லிமீட்டர் ஃபேன்கள் மெதுவாக, சத்தமில்லாமல் சுற்றக்கூடிய சற்றுப் பெரிய கேஸையே சிபாரிசு செய்கிறோம். கடற்கரையை ஒட்டி இருப்பவர்கள் கடல் பார்த்த ஜன்னலுக்குக் கீழே வைக்க வேண்டாம். உப்புக்காற்று செருகும் முனைகளை அரித்துவிடும்.

அப்புறம் இடி மின்னல். மழை தொடங்கும் ஐப்பசியிலும் சித்திரைப் பின்னேரங்களிலும் மிகுந்த கவனம் தேவை. பிளக்கைக் கழற்றினால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். கூரையில் இருக்கும் டிஷ் அன்டெனாவின் வயர் டிகோடருக்கு வருகிறது, டிகோடரிலிருந்து எச்டிஎம்ஐ டிவிக்குப் போகிறது, டிவியிலிருந்து இன்னொன்று நேரே உங்கள் கார்டுக்கு. அந்த வழியாகவும் மின்னல் உள்ளே வரலாம். வானம் இருளத் தொடங்கும்போதே பிளக், டிஷ் வயர், கணினிக்கான எச்டிஎம்ஐ, ரவுட்டர் வயர் எல்லாவற்றையும் கழற்றுங்கள். இடி தொடங்கிய பிறகு வயரில் கை வைக்க வேண்டாம். திடீர் மின்னழுத்த உயர்வைத் தடுக்கும் சர்ஜ் பிளக் நல்லதுதான், ஆனால் பக்கத்தில் விழும் மின்னலை அது தாங்குமென்று நம்பி இருக்காதீர்கள். வீட்டின் எர்த் சரியா என்று மின் வேலை தெரிந்த ஒருவரைக் கொண்டு பார்ப்பதும் அவசியம். கரண்ட் போனால் சற்று நேரம் தாங்கும் யூபிஎஸ் வாங்கும்போது 650 விஏ என்பதை 650 வாட் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். பெரும்பாலும் 350, 400 வாட்தான் தாங்கும், கேம் ஓடும்போது அது போதாமல் போகலாம்.

வீட்டுக்குக் கொண்டுபோன பிறகு எச்டிஎம்ஐயை மதர்போர்டில் அல்லாமல் கார்டிலேயே செருகுங்கள். டிவியில் கேம் மோடை (படத்தை மெருகேற்றும் வேலையைக் குறைத்து உடனே காட்டும் அமைப்பை) போடாவிட்டால் பட்டனை அழுத்தி சற்றுக் கழித்தே ஆள் குதிப்பான். இதற்குக் கணினியைக் குறை சொல்லிப் பயனில்லை. விண்டோஸில் 120 ஹெர்ட்ஸை நீங்களே தெரிவு செய்ய வேண்டியிருக்கும். 2.1 வேகத்துக்குச் சாதாரண வயர் மூன்று மீட்டர் வரைதான் நம்பிக்கை, அதற்கு மேல் ஃபைபர் வயர் நல்லது.

வரும்போது கணினி வைக்கப்போகும் இடத்தின் அளவையும் எடுத்து வாருங்கள். இப்போது வீட்டில் இருக்கும் கணினிக்கு ஒரு கார்ட் மட்டும் போதுமென்றால் அதையே சொல்லுவோம்.

அன்புடன்,
கடையினர்,
மட்டக்களப்பு