யோகோஹாமா மேட்ச் பத்தி தம்பிக்கு

தம்பி,

பசியாறிட்டியா? பெர்த்ல இப்ப நல்ல குளிர்னு அத்தை சொன்னாங்க, அந்த தடி ஸ்வெட்டர எடுத்துப் போட்டுக்கோ, வெறும் டீஷர்ட்டோட கெளம்பாத. இங்க எல்லாரும் சௌக்கியம். நான் இப்ப எழுதுறது நம்ம லிவர்பூல் ஃபுட்பால் டீம் விஷயமா. குரூப்ல எழுதினா மாமா நடுவுல பூந்து ஒரு வரிக்குப் பத்து வரி போடுவாரு, நான் சொல்ல வந்தது அப்படியே அமுங்கிப் போயிடும், அதான் உனக்கு மட்டும் தனியா எழுதுறேன். நீளமா இருக்கும், பஸ்ல போறப்ப படி.

புதன்கிழம (2025 ஜூலை 30) ஜப்பான்ல யோகோஹாமா டீமோட சீசனுக்கு முன்னாடி ஆடுற பயிற்சி மேட்ச் முடிஞ்ச கையோட குரூப்ல ஒரு மெசேஜ் போட்டியே, இந்த வருஷம் நாம புதுசா வாங்கின மூணு பேரையும் திட்டி, விர்ட்ஸுக்கு இவ்ளோ காசு தண்டம், எக்கிடிகே காத்தடிச்சா விழுந்துருவான், ஃபிரிம்பாங் டிஃபெண்டரே இல்லன்னு. மாமா உடனே அதுக்கு தம்ஸ் அப். எனக்கு மனசே கேக்கலடா. 3-1 ஜெயிச்ச மேட்ச் அது, தோத்த மேட்ச் கூட இல்ல. முன்னாடி சனிக்கிழம ஹாங்காங் கைடாக் ஸ்டேடியத்துல இத்தாலி டீம் மிலான்கிட்ட 4-2 தோத்தப்ப நீ கோவப்பட்டது எனக்குப் புரியுது, நானும் தான் டிவி முன்னாடி உக்காந்து கத்தினேன். ஆனா அந்த கோவத்த அப்படியே எடுத்துட்டு வந்து இந்தப் பசங்க தலைல கொட்டுறது நியாயமா?

மொதல்ல விர்ட்ஸ். 100 மில்லியன் பவுன், அதுக்கு மேல போனஸ்ஸா 16, எல்லாரும் அந்த 116-ஐயே சொல்லிச் சொல்லி அந்தப் பையன் முதுகுல ஒட்டிட்டாங்க. 22 வயசு. உன்ன விட சின்னவன். அவன் விளையாடுறத பாக்கணும்னா பந்த பாக்காத, பந்து வர்றதுக்கு முன்னாடி அவன் கழுத்த பாரு. எடது பக்கம் ஒரு தடவ, வலது பக்கம் ஒரு தடவ திரும்பிப் பாத்துக்குறான், பந்து கால்ல பட்டதும் எங்க கொடுக்கணும்னு அவனுக்கு ஏற்கனவே தெரியுது, ஒரே தொடல்ல தட்டி விட்டுட்டு அடுத்த எடத்துக்கு ஓடிர்றான். பிரச்சன என்னன்னா அவன் தட்டி விடுற எடத்துக்கு வரவேண்டிய ஆளு இன்னும் வரல. இதுக்கு முன்னாடி ஆடின ஜெர்மனி டீம் லெவர்கூசன்ல அவனச் சுத்தி இருந்தவங்களுக்கு அவன் கண்ணு போற தெச தெரியும், 2023-24ல லீக்ல ஒரு மேட்ச் கூட தோக்காம கப்பு வாங்கின டீம் அது, அந்த சீசன் முழுக்க அவங்க தோத்ததே யூரோப்பா லீக் ஃபைனல்ல அட்லாண்டாகிட்ட மட்டும் தான். இங்க வலது பக்கம் முன்னாடி ஆடுற சலாவுக்கு எப்ப பந்து வேணும், எந்தக் கால்ல வேணும்னு அவன் இப்பதான் படிக்கிறான். யோகோஹாமால கோலும் போட்டான்ல? நாம பின்தங்கி இருந்தப்ப சமன் பண்ண கோலு அது. அத ஒரு வார்த்த நீ எழுதலயேப்பா.

அப்ப லெவர்கூசன் கோச் யாரு தெரியும்ல, ஷாபி அலோன்சோ. முன்னாடி நமக்கு ஆடின நம்ம ஆளு. இதே யோகோஹாமா ஸ்டேடியத்துல 2005 டிசம்பர்ல கிளப் வேர்ல்ட் கப் ஃபைனல் நடந்துச்சு, சாவோ பாவ்லோகிட்ட 1-0ன்னு தோத்தோம், அதுல அலோன்சோ ஆடினான். நீ அப்ப சின்னப் பிள்ள, உனக்கு ஞாபகம் இருக்காது. நாம போட்ட மூணு கோல ரெஃப்ரீ செல்லாதுன்னுட்டாங்க, மாமா அன்னிக்கு ராத்திரி சாப்பிடவே இல்ல. அந்த அலோன்சோ வளத்த ரெண்டு பசங்க, விர்ட்ஸும் ஃபிரிம்பாங்கும், அதே கிரவுண்டுல நம்ம சட்டைய போட்டுட்டு எறங்கினப்ப எனக்கு மனசு நெறஞ்சு போச்சு.

ஃபிரிம்பாங் விஷயத்துல நீ சொல்றதுல பாதி சரி. அவன் லெவர்கூசன்ல விங் பேக்கா, அதாவது ஓரத்துல மேலயும் கீழயும் ஓடுற ஆளா ஆடினவன், பின்னால மூணு டிஃபெண்டர் காவலுக்கு நிப்பாங்க, அந்த தைரியத்துல மேல ஏறுவான். இங்க நாலு பேர் டிஃபென்ஸ், ரைட் பேக்ல நின்னா அந்த வசதி கெடையாது. அதுக்காக ஆளே சரியில்லன்னு சொல்ல முடியுமா? அந்த வேகத்துக்கு எதிர் டீம்ல லெஃப்ட் பேக்கா நிக்கிறவன் ராத்திரி தூங்க மாட்டான். முன்னாடி அந்த எடத்துல ஆடின டிரென்ட் மாதிரி நாப்பது மீட்டர் பாஸ் இவன்கிட்ட எதிர்பாக்காத, அது வேற கை வேல, டிரென்ட் ரியல் மேட்ரிட் போயாச்சு, அந்த எடத்த அதே மாதிரி ஆள வச்சு நெரப்ப முடியாதுன்னு தெரிஞ்சுதான் நம்ம கோச் ஸ்லாட் வேற மாதிரி ஆள எடுத்திருக்காரு. கான்னர் பிராட்லியும் இருக்கான், மேட்சுக்கு ஏத்த மாதிரி மாத்திக்கலாம்.

எக்கிடிகேவ பத்தி நீ இப்பவே தீர்ப்பு சொல்றது ரொம்ப அநியாயம். 23-ந்தேதி தான் கையெழுத்து போட்டான், ஒரு வாரத்துல யோகோஹாமால எறக்கி விட்டுட்டாங்க. கூட ஆடுறவங்க பேரே இன்னும் முழுசா தெரிஞ்சிருக்காது. ஒல்லியா இருக்கான், சரி. ஆனா அந்த நீளக் காலோட பந்த வாங்கித் திரும்புறப்ப டிஃபெண்டர் ரெண்டு அடி பின்னால போறத பாத்தியா? ஜெர்மனி டீம் ஃபிராங்ஃபர்ட்ல போன சீசன் லீக்ல மட்டும் 15 கோல் போட்டவன். அவன் கோல் முன்னாடி பெனால்டி பாக்ஸுக்குள்ளயே நின்னுட்டு பந்துக்குக் காத்துட்டு இருக்குற ஆளு இல்ல, எறங்கி வந்து வாங்குவான், விர்ட்ஸோட ரெண்டு மூணு தடவ சின்னச் சின்ன பாஸ் போட்டு வெளாண்டானே, எனக்கு அந்த மேட்ச்ல ரொம்பப் புடிச்சதே அதுதான். அது கூடி வந்துச்சுன்னா பாரு.

நம்ம ஸ்ட்ரைக்கர் நூன்யெஸ் புதுசா வந்தது ஞாபகம் இருக்கா? 2022 ஜூலைல நாம ரெண்டு பேரும் இங்க சிங்கப்பூர்ல கல்லாங் ஸ்டேடியம் போய் நம்ம டீமோட கிரிஸ்டல் பேலஸ் மேட்ச் பாத்தோம்ல. அதுக்கு மூணு நாள் முன்னாடி பாங்காக்ல மான்செஸ்டர் யுனைடெட்கிட்ட 4-0 வாங்கிட்டு வந்திருந்தோம், நூன்யெஸ் மூச்சு வாங்கிட்டு நிக்கிற வீடியோவ ஊர் பூரா ஷேர் பண்ணிட்டு இருந்தாங்க, நமக்குப் பின் வரிசைல உக்காந்திருந்தவங்க அவன் பந்த தொடும்போதெல்லாம் சிரிச்சாங்க, உனக்கு அப்ப எவ்ளோ கோவம் வந்துச்சு! கால்ல பெரிய கொப்புளத்தோட ஓடிட்டு இருந்தான்னு அப்ப கோச்சா இருந்த கிளாப் பின்னாடி சொன்னாரு. ஒரு வாரத்துக்குள்ள ஜெர்மனி டீம் லைப்ஸிக்கோட ஆடப் போய் செகண்ட் ஹாஃப்ல மட்டும் நாலு கோல் போட்டான். அன்னிக்கு மாமா, முன்னாடி நமக்குக் கோலா போட்டுத் தள்ளின சுவாரெஸ் மாதிரி அடுத்த ஆள் வந்தாச்சுன்னு வீட்டுக்கு வீடு ஃபோன் போட்டாரு. அப்புறம் என்ன ஆச்சு? லீக்ல மொத சீசன் 9, அடுத்தது 11, போன சீசன் 5. அந்த 2022 ஜூலைலயே மான்செஸ்டர் சிட்டிக்குப் புதுசா வந்த ஹாலண்ட், சீசன் ஆரம்பத்துல ஒரே மேட்ச்சா நடக்குற கம்யூனிட்டி ஷீல்டுல ஆளில்லாத கோல் முன்னாடி நின்னு பந்த கோல் கம்பில அடிச்சான், நாம கைகொட்டி சிரிச்சோம், அவன் அந்த சீசன் லீக்ல 36 கோல் போட்டு ரெக்கார்டு வச்சான். அதனாலதான் சொல்றேன், ஜூலை மாசத்துல கோல் கணக்க வச்சு யாரையும் தூக்கவும் வேண்டாம், கீழ போடவும் வேண்டாம். காலைலயும் சாயந்திரமும் ட்ரெய்னிங் பண்ணிட்டு கனத்த காலோட வந்து நிக்கிறாங்க, பாதி மேட்ச்ல டீமே மாறுது, ஸ்கோர வச்சு என்ன தெரியப் போவுது?

நூன்யெஸ பத்தி எழுதறப்ப இன்னொன்னும் சொல்லணும். இந்த மாசம் பிரெஸ்டன் மேட்ச்ல கோல் போட்டுட்டு, கார் விபத்துல போயிட்ட நம்ம ஜோட்டா கோல் போட்டா பண்ற மாதிரியே பண்ணிக் காமிச்சான்ல, எனக்கு அங்கயே தொண்ட அடச்சிருச்சு. ஜோட்டாவுக்குக் கல்யாணம் ஆகி ரெண்டு வாரம் கூட ஆகல, மூணு குழந்தைங்க, கூடப் பொறந்த தம்பியும் சேந்து போயிட்டான். அந்தப் பெத்தவங்கள நெனச்சா இப்பவும் எனக்கு ஆறல. அவனோட 20-ம் நம்பர் சட்டைய இனி யாருக்கும் கொடுக்க மாட்டோம்னு கிளப் சொன்னதும் தான் கொஞ்சம் நெஞ்சு ஆறுச்சு. இந்த நேரத்துல டீமுக்குள்ள வர்றது துக்க வீட்டுக்குள்ள மொத மொதல்ல கால் வைக்கிற புது மருமக நெலம மாதிரி, சிரிச்சாலும் தப்பு, சும்மா இருந்தாலும் தப்பு. பழைய ஆளுங்களே கண்ணத் தொடச்சிட்டு ட்ரெய்னிங் வர்றாங்க, இவங்க யார்கிட்ட போய் என்ன பேசுவாங்க? பணத்த பேசுறவங்க இத ஒரு நிமிஷம் நெனச்சுப் பாக்கணும் தம்பி.

சரி, எனக்கு கவலையே இல்லன்னு நெனச்சுக்காத. இருக்கு. கவல வேற எடத்துல இருக்கு. மிலான் போட்ட கோலெல்லாம் இன்னொரு தடவ போட்டுப் பாரு, நாம மேல ஏறிப்போய் பந்த விட்டுட்டப்ப நடுவுல எவ்ளோ பெரிய ஓட்ட விழுது பாரு. மிலானோட லெயாவோ மாதிரி ஆளுக்கு அந்த எடம் கெடச்சா விடுவானா? அவங்க ஒக்காஃபோர் ரெண்டு போட்டான். இப்ப கணக்கு போடு, வலது பக்கம் ஃபிரிம்பாங் மேல ஓடுவான், எடது பக்கம் டிஃபெண்டரா புதுசா வந்த கெர்கெஸும் முன்னாடி போர்ன்மவுத் டீம்ல ஆடினப்பவே கோட்டுக்குக் கோடு ஓடினவன் தான், சலா பின்னால வர மாட்டான், அது நமக்குத் தெரிஞ்ச விஷயம், விர்ட்ஸும் முன்னாடி, எக்கிடிகேவும் முன்னாடி. அப்ப பின்னால கிராவன்பெர்கும் வான் டைக்கும் கொனாட்டேவும் மட்டும் தானா காவல்? போன சீசன்ல ஸோபோஸ்லாய் நாய் மாதிரி ஓடி ஓடி அந்த ஓட்டைய அடச்சிட்டு இருந்தான், விர்ட்ஸ் வந்ததுல அவன் எடம் என்ன ஆகும்னு தெரியல. நூத்துப் பதினாறு மில்லியன விட எனக்கு அந்தக் கேள்வி தான் பெருசா படுது. ஸ்லாட் அதுக்கு வழி கண்டுபிடிக்கணும். போன வருஷம் ஒரே ஒரு கியேசாவ மட்டும் வெளிய இருந்து எடுத்துட்டு வந்து, மத்தபடி கிளாப் விட்டுட்டுப் போன டீம வச்சே 20-வது லீக் கப்ப வாங்கிக் கொடுத்த மனுஷன், அவர் மேல எனக்கு நம்பிக்க இருக்கு.

எடது பக்கம் முன்னாடி ஆடின டியாஸ் போனது தான் எனக்கு மனசுக்கு கஷ்டமா இருக்கு. யோகோஹாமா மேட்ச் நடந்த அதே நாள் ஜெர்மனி டீம் பயர்ன்ல கையெழுத்து போட்டுட்டான். அவன் ஒரு மேட்ச்ல கூட ஓடாம நின்னதில்ல. ஆனா பாரு, அந்த எடது பக்கத்துலயே கடைசில அந்த ரியோ ங்குமோஹா வந்தான். 16 வயசு! நம்ம பாதில பந்த வாங்கி அப்படியே ஓடிட்டே இருந்தான், எதுக்க வந்தவன் பின்னால பின்னால போக, பாக்ஸ் ஓரத்துல நின்னு ஒரு அடி. நான் சோபால இருந்து எந்திரிச்சிட்டேன், அப்பா கிச்சன்ல இருந்து என்னாச்சுன்னு ஓடி வந்தாரு. ட்ரே நியோனியும் ஒரு கோல் போட்டான். புதுசா வாங்கினவங்கள பத்தியே எல்லாரும் பேசுறோம், இந்த அகாடமி பசங்கள ஒருத்தரும் பேசல. மாமா வழக்கமா போற கோப்பிக்கடைல அடுத்த நாள் பூரா விர்ட்ஸ் சண்ட தானாம், இந்தப் பையன் பேர ஒருத்தரும் எடுக்கலன்னு அவரே சொன்னாரு.

வர்ற திங்கக்கிழம நம்ம ஆன்ஃபீல்டு ஸ்டேடியத்துல ஸ்பெயின் டீம் அத்லெட்டிக் பில்பாவோட ஒரே நாள்ல ரெண்டு மேட்ச் இருக்கு. மொத மேட்ச் நமக்கு ராத்திரி பன்னெண்டு மணி, அத நான் பாப்பேன், ரெண்டாவது விடியக்கால மூணு மணி, அதுக்கு முழிச்சா அடுத்த நாள் வேலைக்குப் போக முடியாது. நீ பாத்தீன்னா எனக்காக ரெண்டு விஷயம் பாத்து வை. பந்து நம்மகிட்ட இருந்து போனதும் கெர்கெஸ் எங்க நிக்கிறான், எக்கிடிகேவுக்குப் பின்னால விர்ட்ஸ் நடுவுல ஆடுறானா இல்ல எடது பக்கம் ஒதுங்குறானா. கோல் எத்தனன்னு எனக்கு மெசேஜ் போட வேண்டாம், அத நானே பாத்துக்குவேன். பத்தாந்தேதி ஞாயித்துக்கிழம லண்டன் வெம்பிளில கிரிஸ்டல் பேலஸோட கம்யூனிட்டி ஷீல்டு, நமக்கு ராத்திரி பத்து மணி, அன்னிக்கு வீடியோ கால் போடு, மாமாவையும் வரச் சொல்லியிருக்கேன், சேந்து பாப்போம். அவர் விர்ட்ஸ ஏதாச்சும் சொன்னா நீ கூடச் சேந்து ஆமாம் போடாத.

கேஸ் அடுப்புல வெந்நி போட்டுட்டு மறந்துடாத. மளிகைக்குக் காசு பத்தலன்னா அப்பாகிட்ட சொல்லு, கூச்சப்படாத.

அம்மா