துப்பாக்கி சுடும் சங்கத்தின் ஆண்டறிக்கை: புதியவர்களோடு கழிந்த ஓர் ஆண்டு

தலைவருக்கும் செயற்குழுவினருக்கும் உறுப்பினர்கள் எல்லோருக்கும் வணக்கம்.

ஆண்டறிக்கை என்றால் போட்டி முடிவுகளில் தொடங்குவதுதான் வழக்கம். இந்த முறை அதைக் கடைசிக்குத் தள்ளியிருக்கிறேன். சங்கத்தின் நேரமும் உழைப்பும் இந்த ஆண்டு பெரும்பாலும் புதியவர்களுக்கான அடிப்படைப் பயிற்சியில்தான் போனது, அதைப் பற்றித்தான் விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது.

ஆண்டின் தொடக்கத்தில் செயற்குழு ஒரு முடிவெடுத்தது. புதிதாகச் சேர்பவர் முதல் சில வகுப்புகளில் ஒரு பெல்லட்கூட (ஏர் துப்பாக்கியில் போடும் சின்ன ஈயக் குண்டு) சுடக் கூடாது. துப்பாக்கியைக் கையாளுவது, நிற்பது, டிரிக்கரை அழுத்துவது, இவ்வளவுதான். சுடுவதற்கென்று ஆசையாக வருகிறவரை வெறும் துப்பாக்கியோடு நிறுத்தி வைத்தால் இரண்டாம் வாரமே வரமாட்டார் என்று சிலர் சொன்னார்கள். ஒரு சிலர் விலகியது உண்மைதான். ஆனாலும் அந்த முடிவு சரி என்றே நான் நினைக்கிறேன், இப்போது இன்னும் உறுதியாக.

முதல் வகுப்பு முழுக்கப் பாதுகாப்புதான். கையில் எடுக்கும் எந்தத் துப்பாக்கியிலும் குண்டு இருக்கிறது என்றே வைத்துக்கொள்ள வேண்டும், பக்கத்தில் இருப்பவர் இப்போதுதான் பார்த்துவிட்டு "காலி" என்று சொல்லிக் கொடுத்தாலும் நாமே ஒருமுறை திறந்து பார்க்க வேண்டும். குழலின் வாய் எப்போதும் இலக்கின் பக்கம்தான். குறி பார்த்துச் சுடத் தயாராகும் வரை விரல் டிரிக்கர் வளையத்துக்கு வெளியே. இலக்கு எது, அதற்குப் பின்னால் என்ன இருக்கிறது என்பது தெரியாமல் சுடக் கூடாது. இந்த நான்கும் வாயால் ஒப்பிப்பதற்கு எளிது, தோளைத் தட்டி யாராவது கூப்பிடும்போது துப்பாக்கியோடு சேர்ந்து திரும்பாமல் இருப்பதுதான் கடினம். அதனால் பயிற்றுநர்கள் வேண்டுமென்றே பின்னாலிருந்து பெயர் சொல்லிக் கூப்பிட்டுப் பழக்கினார்கள். சேம்பரில், அதாவது குண்டு உட்காரும் அறையில், அது காலி என்று காட்டப் போடும் சேஃப்டி ஃபிளாக் எல்லாத் துப்பாக்கிக்கும் கட்டாயம், அதில் பழைய உறுப்பினர், புதிய உறுப்பினர் என்ற வித்தியாசம் கிடையாது. "ஸ்டாப்" என்று யார் சொன்னாலும், அவர் நேற்றுச் சேர்ந்தவராக இருந்தாலும், எல்லோரும் நிறுத்தியாக வேண்டும்.

அப்புறம் டிரை ஃபையர், அதாவது பெல்லட் இல்லாமல் டிரிக்கரை மட்டும் அழுத்திப் பழகுவது. இதைப் பற்றிக் கொஞ்சம் அதிகமாகவே எழுதுகிறேன், ஏனென்றால் புதியவர்கள் அதிகம் தவறாகப் புரிந்துகொள்வது இந்த இடத்தில்தான். எல்லோரும் கை ஆடுவதைப் பார்த்துப் பயப்படுகிறார்கள். கை ஆடத்தான் செய்யும், பெரிய வீரர்களுக்கும் ஆடும். 10 மீட்டர் தூரத்தில் சுடும் ஏர் பிஸ்டலில் (காற்றழுத்தக் கைத்துப்பாக்கி) கையும் துப்பாக்கியும் சேர்ந்து அப்படியே 1 மி.மீ. பக்கவாட்டில் நகர்ந்தால் இலக்கு அட்டையிலும் அதே 1 மி.மீ.தான் தள்ளிப் போகும். ஆனால் துப்பாக்கியின் மேலே குறி பார்க்க இருக்கும் பின் சைட்டுக்கும் முன் சைட்டுக்கும் இடையில் கோணம் மாறி, முன் சைட் 1 மி.மீ. விலகினால், இரண்டுக்கும் இடையே சுமார் 33 செ.மீ. தூரம் என்று வைத்துக்கொண்டால், பெல்லட் அட்டையில் கிட்டத்தட்ட 30 மி.மீ. தள்ளி விழும். அங்கே 10 மதிப்பெண் வளையத்தின் விட்டமே 11.5 மி.மீ.தான், ஆக 10 விழ வேண்டிய இடத்தில் 7. அந்தக் கோணத்தை மாற்றுவது பெரும்பாலும் டிரிக்கரை வெடுக்கென்று இழுக்கும் விரல். சைட் நடுவில் வந்த அந்த நொடியில் "இப்போ" என்று அழுத்துகிறவர்களுக்கு இது கட்டாயம் நடக்கும். மெதுவாக, சீராக அழுத்தத்தைக் கூட்டிக்கொண்டே போக வேண்டும், சுட்டதும் உடனே துப்பாக்கியை இறக்காமல் சைட் எங்கே நிற்கிறது என்று ஓரிரு நொடி பார்க்க வேண்டும். டிரை ஃபையரில் சத்தமோ அட்டையோ கிடையாது, தன் விரல் என்ன செய்கிறது என்பது மட்டும்தான் தெரியும், அதுதான் அதன் பயன்.

ஒரு எச்சரிக்கை. சங்கத்தின் போட்டித் துப்பாக்கிகளில் டிரை ஃபையருக்கென்று தனி அமைப்பு இருக்கிறது. ஸ்பிரிங் வகை ஏர் ரைஃபிளைப் பெல்லட் இல்லாமல் சுட்டால் பிஸ்டன் தடையில்லாமல் போய் மோதிப் பழுதாகும். .22 துப்பாக்கிகள் (வெடிமருந்துக் குண்டு போடும் சிறிய அளவுத் துப்பாக்கிகள்) சிலவற்றிலும் குண்டை வெடிக்க வைக்கும் ஃபையரிங் பின் சேம்பர் விளிம்பில் அடிக்கும், அதற்கு ஸ்னாப் கேப் என்னும் போலிக் குண்டு போட வேண்டும். தெரியாவிட்டால் பயிற்றுநரைக் கேளுங்கள்.

கண் விஷயத்துக்கு வருகிறேன். கண்ணால் ஒரு நேரத்தில் ஒரு தூரத்தைத்தான் தெளிவாகப் பார்க்க முடியும். பிஸ்டலில் முன் சைட் தெளிவாகவும் கறுப்பு வட்டம் மங்கலாகவும் தெரிந்தால் அதுதான் சரி, இதை நம்பவே பலருக்கு நாளாகிறது. எந்தக் கண் ஆதிக்கம் செலுத்துகிறது என்பதையும் சேர்ந்த அன்றே சோதித்துவிடுகிறோம்: இரண்டு கைகளாலும் சின்ன ஓட்டை செய்து தூரத்துப் பொருளைப் பார்த்து, ஒவ்வொரு கண்ணாக மூடினால் தெரிந்துவிடும். வலக்கைக்காரருக்கு இடக்கண் ஆதிக்கம் என்றால் கவலைப்பட ஒன்றுமில்லை. கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு சிரமப்படுவதைவிட 30 மி.மீ. அகலத்துக்குள் ஒரு மறைப்புப் பட்டையைக் குறி பார்க்காத கண்ணுக்கு முன்னால் மாட்டிக்கொண்டு இரண்டு கண்ணையும் திறந்து வைப்பது நல்லது. சிலர் கையையே மாற்றிக்கொள்கிறார்கள். ஹங்கேரியின் காரோலி தகாச் 1938இல் கையெறிகுண்டு வெடித்து வலக்கை சிதைந்த பிறகு இடக்கையால் பழகி, 1948 லண்டன், 1952 ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் 25 மீட்டர் ரேபிட் ஃபையர் பிஸ்டலில் தங்கம் வென்றவர். எதுவும் பழக்கம்தான், ஆனால் பழகுவதற்குக் காலம் கொடுக்க வேண்டும்.

அடிப்படை வகுப்பை முடித்தவர்களில் சிலர் .22 ரைஃபிளுக்கு வந்திருக்கிறார்கள். அங்கே விஷயம் வேறு. அந்தச் சின்னக் குண்டு ஒரு கிலோமீட்டருக்கு மேல் போகக்கூடியது, அதனால் இலக்குக்குப் பின்னால் குண்டைத் தாங்கும் பின்தடுப்பு மேட்டை ஒவ்வொரு அமர்வுக்கு முன்பும் பார்வையிடுகிறோம். அழுத்தியும் வெடிக்கவில்லை என்றால் உடனே திறந்து பார்க்கக் கூடாது, இலக்கின் பக்கமே பிடித்துக்கொண்டு 30 நொடி காத்திருக்க வேண்டும். காதுக்கவசமும் கண்ணாடியும் இல்லாமல் சுடும் வரிசைக்குள் யாரையும் விடுவதில்லை, வேடிக்கை பார்க்க வந்தவர்களையும் சேர்த்துத்தான்.

ஈயம் பற்றி மீண்டும் சொல்கிறேன், ஏனென்றால் ரேஞ்சுக்குள், அதாவது சுடுதளத்துக்குள், தண்ணீர் பாட்டிலைத் திறப்பது இன்னும் முழுதாக நிற்கவில்லை. பெல்லட்டும் குண்டும் ஈயம். சுட்டு முடித்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள், உள்ளே எதையும் சாப்பிடவோ குடிக்கவோ வேண்டாம், தரையைத் துடைப்பத்தால் கூட்டித் தூசி கிளப்பாதீர்கள், ஈரத் துணியால் துடைத்தால் போதும். குழந்தைகள் இருக்கும் வீட்டுக்கு அதே உடையோடு போவதையும் தவிருங்கள்.

கருவிகளைப் பொறுத்தவரை, ஏர் ரைஃபிள்களின் காற்றுச் சிலிண்டர்களைச் சரிபார்த்தோம், தயாரித்து 10 ஆண்டு தாண்டியவற்றை ஒதுக்கிவிட்டோம். புதியவர்கள் சேர்ந்த உடனே சொந்தத் துப்பாக்கி வாங்க ஓடுவதைப் பார்க்கிறேன். வேண்டாம். உங்கள் உடலுக்கும் கைக்கும் எது பொருந்தும் என்பது ஒரு பருவம் சங்கத்துத் துப்பாக்கியில் பழகிய பிறகுதான் தெரியும். வாங்குவதற்கு முன் உரிமச் சட்டத்தையும், வீட்டில் பூட்டி வைக்கும் விதிகளையும் படித்துவிடுங்கள். துப்பாக்கி ஓரிடத்தில், குண்டு வேறிடத்தில், இரண்டும் பூட்டோடு.

கணக்கைப் பொருளாளர் தனியாக வைக்கிறார், நான் அதற்குள் போகவில்லை.

போட்டிகள்: உள் போட்டியில் புதியவர்கள் முதல்முறையாக முழு 60 குண்டுகளும் சுட்டார்கள். 75 நிமிடம் இருக்கும்போது பலர் பாதி நேரத்திலேயே முடித்துவிடுகிறார்கள். மனம் ஒப்பாத குண்டைச் சுடாமல் துப்பாக்கியை இறக்கி வைத்து மறுபடி தொடங்கலாம், அதற்குத்தான் அவ்வளவு நேரம். 10 மீட்டர் ஏர் ரைஃபிளில் 10 என்பது 0.5 மி.மீ. புள்ளி, அதைத் தேடி அவசரப்பட்டால் கிடைக்காது. முதல் ஆண்டில் மதிப்பெண்ணைவிட குரூப்பிங்கை, அதாவது குண்டுகள் எவ்வளவு நெருக்கமாக விழுகின்றன என்பதைப் பாருங்கள். குண்டுகள் ஒரே இடத்தில் நெருங்கி விழுகின்றனவா? அப்படியென்றால் சைட்டைத் திருகி நடுவுக்குக் கொண்டுவருவது சில நிமிட வேலை.

ஞாயிறு காலை வகுப்புகளை விடாமல் நடத்திய பயிற்றுநர்களுக்கும், சுடும் வரிசையை மேற்பார்க்கும் ரேஞ்ச் ஆபீசர் பொறுப்பை மாறி மாறி ஏற்றவர்களுக்கும் நன்றி. இவர்கள் யாரும் சுட நேரமில்லாமல்தான் மற்றவர்களுக்குச் சொல்லிக் கொடுத்தார்கள், அதை உறுப்பினர்கள் நினைவில் வைக்க வேண்டும்.

வரும் ஆண்டுக்கு இரண்டு தீர்மானங்களைப் பொதுக்குழு முன் வைக்கிறேன். ஒன்று, பெல்லட் இல்லாத தொடக்க வகுப்பை நிரந்தர விதியாக்குவது, வேறு ரேஞ்சில் பழகிவிட்டு வருகிறவர்களுக்கும் சேர்த்து. இரண்டு, பழைய உறுப்பினர்கள் எல்லோரும் ஆண்டுக்கொருமுறை பாதுகாப்பு வகுப்பில் உட்கார வேண்டும் என்பது. இரண்டாவதற்கு முணுமுணுப்பு இருக்கிறது என்று தெரியும், விவாதத்தில் நேராகவே பேசுங்கள். அறிக்கையை ஏற்று, தீர்மானங்களை வாக்கெடுப்புக்கு எடுத்துக்கொள்ளுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

செயலாளர்