வேட்டித் திரையில் ஓர் ஆஸ்கார் கதை

திருநெல்வேலி,
யாழ்ப்பாணம்.

அன்பு மச்சான்,

உன் கடிதம் கிடைத்து மூன்று கிழமைகள் ஆகிவிட்டன. உனக்குச் சொல்ல வேண்டிய ஒன்று நெடுநாளாக மனத்தில் கிடக்கிறது. அதை எங்கே தொடங்குவது என்று தெரியாமல்தான் பதில் பிந்தியது. கடைசியில் அதற்கு வருகிறேன். முதலில் உன் முழங்கால். வைத்தியர் சத்திரசிகிச்சை வேண்டும் என்று சொன்னால் தள்ளிப்போடாதே. பனி கொட்டத் தொடங்குவதற்கு முன் செய்துகொள். இங்கே மழை பிடித்துவிட்டது. கிணற்றில் குனிந்தால் கைக்கு எட்டும் அளவுக்குத் தண்ணீர் வந்துவிட்டது. உங்கள் பழைய வளவின் மதில் ஓரத்துக் கறுத்தக்கொழும்பான் இந்த முறையும் குறைவில்லாமல் காய்த்தது.

போன ஞாயிறு மாலை எங்கள் சனசமூக நிலையத்தில் ஓர் ஆங்கிலப் படம் காட்டினார்கள். குறும்படம் எடுக்கும் இளைஞர்கள் சிலர் மாதம் ஒருமுறை இதை ஒழுங்கு செய்கிறார்கள். வாசிகசாலை மேசைகளை ஓரத்துக்குத் தள்ளி, சுவரில் வெள்ளை வேட்டியை இழுத்துக் கட்டி, கதிரைகளை வரிசையாகப் போட்டிருந்தார்கள். இருபத்தைந்து பேர் வரை இருந்தோம். பல்கலைக்கழகத்தில் படிக்கும் பிள்ளை ஒருத்தி இடையிடையே படத்தை நிறுத்தி உரையாடலைத் தமிழில் சொன்னாள். றீகலில் இரண்டாம் வகுப்பு வாங்கில் இருந்து, பாதி விளங்கியும் பாதி விளங்காமலும் நாம் ஆங்கிலப் படம் பார்த்த காலம் நினைவுக்கு வந்தது. விளங்காத இடங்களில் நீ சொந்தமாக ஒரு கதை சொல்வாய். இந்தப் பிள்ளை அப்படிச் செய்யவில்லை.

படத்தின் பெயர் 'ஃபோர் யுவர் கன்சிடரேஷன்'. கிறிஸ்டோபர் கெஸ்ட் இயக்கி 2006இல் வெளிவந்தது. அவரும் யூஜின் லெவியும் சேர்ந்து எழுதியிருக்கிறார்கள். ரொறன்ரோ திரைப்பட விழாவில் அந்த வருடம் காட்டினார்கள் என்பதால் நீ கேள்விப்பட்டிருக்கவும் கூடும். ஆஸ்கார் காலம் வந்தால் அமெரிக்கச் சினிமாப் பத்திரிகைகளில் படக் கம்பனிகள் பக்கம் பக்கமாக விளம்பரம் கொடுப்பார்கள். அவற்றின் தலையில் அச்சிடும் வாசகம்தான் இந்தத் தலைப்பு. நாங்கள் விண்ணப்பங்களில் 'தங்கள் மேலான பரிசீலனைக்கு' என்று எழுதுவோமே, அதேதான்.

கதையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். பெரிய பெயரில்லாத நடிகர்கள் சிலர் ஒரு சிறிய படத்தில் நடிக்கிறார்கள். சாகக் கிடக்கும் யூதத் தாய் ஒருத்தியிடம் மகள் திரும்பி வரும் குடும்பக் கதை அது. தாயாக நடிப்பவள் மர்லின் ஹாக். வருடக்கணக்காக நடித்துவருகிறவள், ஆனால் தெருவில் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. தந்தையாக நடிப்பவரை ஊர் ஒரு சொசேஜ் விளம்பரத்தால்தான் அறியும். படப்பிடிப்பு நடந்துகொண்டிருக்கும்போது, மர்லினின் நடிப்பு ஆஸ்காருக்குத் தகும் என்று எவரோ இணையத்தில் எழுதிவிடுகிறார். அவ்வளவுதான். பிறகு இன்னும் இரண்டு பேரின் பெயர்களும் அடிபடத் தொடங்குகின்றன. விளம்பரக்காரர் வருகிறார், தொலைக்காட்சிக்காரர் வருகிறார். யூதப் பண்டிகையின் பெயரில் இருந்த படத்தை எல்லோருக்கும் பொதுவாக்கு என்று கம்பனி மேலிடம் சொல்ல, அது நன்றிசொல்லும் நாளின் பெயருக்கு மாறுகிறது.

அந்த இடத்தில் இளைஞர்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். "கொழும்பில் ஒருவர் என்னைத் தைப்பொங்கலை எடுத்துவிட்டுப் பொதுவான விடுமுறை நாள் ஒன்றைப் போடச் சொன்னார்" என்றான் ஒருவன். அவன் எடுத்த பத்து நிமிடப் படத்தில் பொங்கல் பானை பொங்கும் காட்சி ஒன்றுதான் நன்றாக இருந்தது. அதை நான் பார்த்திருக்கிறேன். அவன் கடைசிவரை பொங்கலை நீக்கவில்லை. அந்தப் பிடிவாதத்துக்காகவே எனக்கு அவனைப் பிடிக்கும்.

முதல் ஒரு மணித்தியாலம் நிலையம் முழுவதும் சிரிப்புத்தான். பிறகு மெல்ல மெல்லக் குறைந்தது. ஆசை முற்றிய மர்லின் முகத்தைச் சத்திரசிகிச்சையால் இழுத்துத் தைத்துக்கொண்டு, தன் வயதுக்கு ஒவ்வாத உடையுடன் வந்து நிற்கிறாள். முன்வரிசைப் பையன்கள் இரண்டு பேர் சிரித்தார்கள். பின்னால் இருந்த பெண்களில் ஒருவர்கூடச் சிரிக்கவில்லை. "பாவம், கண்ணை மூடவே முடியாது போலிருக்கிறதே" என்று ஒரு குரல் மட்டும் கேட்டது. பரிந்துரைப் பட்டியல் வருகிறது. காத்திருந்த மூவரின் பெயர்களும் அதில் இல்லை. அதற்குப் பிறகு வேட்டித் திரையின் ஓரம் காற்றில் அடிக்கும் சத்தம் கேட்கும் அளவுக்கு அமைதி.

படம் முடிந்ததும் தேநீர் கொடுத்துக் கதைக்க இருத்தினார்கள். ஓய்வுபெற்ற அஞ்சல் அலுவலர் ஒருவர், தகுதிக்கு மேல் ஆசைப்பட்டால் இதுதான் நடக்கும் என்றார். மொழிபெயர்த்த பிள்ளைக்குக் கோபம் வந்துவிட்டது. அவள் ஆசைப்படவேயில்லை, ஆசையை ஊட்டினார்கள் என்றாள். இன்னொருவர், இது அவர்களுடைய வீட்டுப் பகிடி, ஹொலிவூட்டில் இருப்பவனுக்குத்தான் முழுவதும் விளங்கும் என்றார். அதில் உண்மை உண்டு. கெஸ்டின் முந்திய படங்களைப் பார்த்திருந்த பையன் ஒருவன், பேட்டி எடுப்பது போன்ற பாணியை இதில் விட்டுவிட்டதால் ஒட்டவில்லை என்றான். மூலையில் இருந்த பெரியவர் ஒருவர் மட்டும் வாய் திறக்கவில்லை.

அவரை உனக்குத் தெரியாது. நீ போன பிறகுதான் இந்தப் பக்கம் வந்து குடியேறினார். இளமையில் வலிகாமம் முழுவதும் இசைநாடக மேடைகளில் பெண்வேடம் போட்டவர். சந்திரமதி வேடத்தில் அவர் மகனைத் தேடி அழும்போது முன்வரிசைத் தாய்மார் சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொள்வார்களாம். எல்லோரும் கதைத்து முடித்த பிறகு அவர் ஒரு கேள்வி கேட்டார். "அந்தச் சாகிற காட்சியை அவள் முதலே நன்றாகத்தானே செய்தாள்? பிறகு ஏன் முகத்தை மாற்றினாள்?"

ஒருவருக்கும் பதில் வரவில்லை. அன்று இரவு நித்திரையில்லாமல் யோசித்தபோதுதான் எனக்கு ஒன்று பிடிபட்டது. பரிசுக்கு ஆசைப்படுவது குற்றமே இல்லை, மச்சான். மர்லின் இத்தனை வருடமும் பரிசு இல்லாமல், வேலையில் மனம் நிறைந்து நடித்துக்கொண்டிருந்தவள். 'உனக்குக் கிடைக்கும்' என்று ஒருவர் சொன்ன அந்த நிமிடத்திலிருந்து அந்த நிறைவு போய்விட்டது. கிடைக்காத பொருளுக்காக அவள் அழவில்லை. தன்னிடம் இருந்ததையே பறிகொடுத்துவிட்டு அழுகிறாள். சிரிப்பு விழவேண்டியது சொன்னவர்கள் மேல். நம்பியவள் மேல் இல்லை.

வீட்டுக்கு வந்து தேடிப் படித்தேன். 1929 மே மாதம் முதல் ஆஸ்கார் விழா நடந்தபோது பரிசு கொடுத்து முடிக்கப் பதினைந்து நிமிடம்தான் எடுத்ததாம். வென்றவர்கள் யார் என்று மூன்று மாதங்களுக்கு முன்பே அறிவித்தாகிவிட்டது. வந்தார்கள், சாப்பிட்டார்கள், சிலையை வாங்கிக்கொண்டு போனார்கள். 1940இல் ஒரு பத்திரிகை முடிவுகளை முந்திக்கொண்டு வெளியிட்டதால்தான், அடுத்த வருடம் முதல் ஒட்டிய கடிதஉறை வந்தது. 1953இல் தொலைக்காட்சி வந்தது. நெஞ்சு படபடக்கக் காத்திருக்கும் அந்த நேரம், வேடிக்கை பார்க்கும் எங்களுக்காகப் பின்னர் செய்து வைத்தது. 1961 விழாவுக்கு முன் சில் வில்ஸ் என்ற துணைநடிகர் தனக்காகத் தன் படத்தில் நடித்தவர்கள் எல்லோரும் பிரார்த்திக்கிறார்கள் என்று பத்திரிகையில் விளம்பரம் போட்டாராம். ஊர் முகம் சுளித்தது. பரிசு பீற்றர் உஸ்தினோவுக்குப் போனது. வில்ஸின் விளம்பரத்தைப் படித்து எனக்குச் சிரிப்பு வரவில்லை.

இன்னொரு செய்தியைக் கேள். இந்தப் படத்தில் மர்லினாக நடித்த கதரின் ஓஹாரா உன் ரொறன்ரோவில் பிறந்தவர். படம் வந்த வருடம் அவருக்கே ஆஸ்கார் பரிந்துரை கிடைக்கக்கூடும் என்று பேச்சு அடிபட்டதாம். அமெரிக்காவின் தேசிய விமர்சனச் சபை 2006க்கான சிறந்த துணைநடிகை விருதை அவருக்குக் கொடுத்தது. ஆஸ்கார் பட்டியலில் அவர் பெயர் வரவில்லை. தான் நடித்துக் காட்டிய கதை தன் வாசலுக்கே வந்து நின்றபோது அவர் மனம் எப்படி இருந்திருக்கும்?

எங்கள் சிவாஜியை எடுத்துக்கொள். 1960இல் கெய்ரோவில் நடந்த ஆசிய ஆபிரிக்கப் படவிழாவில் கட்டபொம்மனுக்காகச் சிறந்த நடிகர் என்று கௌரவித்தார்கள். இந்தியாவில் சிறந்த நடிகருக்கான தேசிய விருது அவருக்குக் கடைசிவரை கிடைக்கவில்லை. அதனால் யாழ்ப்பாணத்தில் அவர் படத்துக்கு ஒரு டிக்கெட்டாவது குறைந்ததா? வரிசையில் உன் சட்டை கிழிந்ததை நீ மறந்திருக்க மாட்டாய். ஆனால் பரிசே வேண்டாம் என்று சொல்லிவிடவும் எனக்கு மனம் வரவில்லை. 2015இல் 'தீபன்' என்ற பிரெஞ்சுப் படம் கான் திரைப்பட விழாவில் தங்கப்பனை விருதை வாங்கியபோது, பண்ணைப் பாலத்துக்கு அப்பால் இருக்கிற அல்லைப்பிட்டியில் பிறந்த ஷோபாசக்தி அதில் நாயகன் என்று அறிந்து நான் படத்தைப் பார்க்காமலே மகிழ்ந்து திரிந்தேன். அந்த மகிழ்ச்சி பொய்யில்லை.

சென்ற மாதம் அந்தப் பெரியவர் ஒரு விருதுக்கு விண்ணப்பப் படிவம் நிரப்ப என்னிடம் வந்திருந்தார். ஆதாரம் இணைக்க வேண்டும் என்று எழுதியிருந்தது. பழைய பிஸ்கட் பெட்டி ஒன்றைக் கொண்டுவந்து விறாந்தையில் திறந்தார். நாடக நோட்டீஸ்கள், இரண்டு பத்திரிகைத் துண்டுகள், ஒரு படம். இடப்பெயர்வுகளில் எல்லாவற்றையும் விட்டுவிட்டு இதை மட்டும் தூக்கிக்கொண்டு திரிந்திருக்கிறார். படத்தில் சந்திரமதியின் முகத்தில் பாதியைச் செல்லரித்திருந்தது. 'இது நீங்கள்தான் என்று எப்படி உறுதிப்படுத்துவது?' என்று அலுவலகத்தில் கேட்டால் என்ன சொல்வது என்று நான் தயங்கினேன். அவர் எழுந்து, தலையைச் சரித்து, அந்தப் படத்தில் இருக்கிற மாதிரியே நின்று காட்டினார். எழுபத்தொன்பது வயது. கழுத்து அதே சாய்வு, மச்சான். விண்ணப்பத்தில் எழுத இடமில்லாத ஆதாரம்.

பரிசு உங்களுக்குத்தான் என்று அவரிடம் சொல்ல நாக்கு நுனி வரை வந்தது. சொல்லவில்லை. சொல்லாததற்குக் காரணம் நீ.

1973 பாடசாலை நாடகப் போட்டி உனக்கு நினைவிருக்கும். நீ அரிச்சந்திரன், நான் திரைக்கயிறு இழுப்பவன். மயான காண்டம் முடிந்ததும் நடுவர்களுள் ஒருவர் பக்கத்தில் இருந்தவரிடம் "பிள்ளை நன்றாகச் செய்தான்" என்று சொன்னது என் காதில் விழுந்தது. அவ்வளவுதான் அவர் சொன்னது. நான் ஓடிவந்து, "சிறந்த நடிகர் பரிசு உனக்குத்தான், நடுவர் வாயாலேயே கேட்டேன்" என்று உன்னிடம் சொன்னேன். இத்தனை வருடமும் அதை அப்படியே நீ நம்பியிருப்பாய். நான்தான் கூட்டிச் சொன்னேன். உன் முகம் மலர்வதைப் பார்க்கும் ஆசையில் சொன்னேன்.

நீ அம்மாவிடம் சொன்னாய். அம்மா உன் மேடைப் பக்கமே வராதவர், பரிசளிப்புக்கு வந்தார். ஓலைப் பையில் ஒரு தேங்காய் இருந்தது. திரும்பும் வழியில் பிள்ளையார் கோவில் வாசலில் சிதறடிப்பதற்கு. வேறொருவன் பெயரை வாசித்தார்கள். அவனும் நன்றாகத்தான் நடித்திருந்தான். நடந்துவரும்போது கோவிலடியில் அம்மா ஒரு கணம் நின்றார், பையை மறுகைக்கு மாற்றிக்கொண்டு நடந்தார். அடுத்த நாள் காலை உங்கள் வீட்டில் அந்தத் தேங்காயில் சம்பல் அரைத்துப் பாணுடன் தந்தார்கள். நானும் இருந்து சாப்பிட்டேன். நீ பிறகு ஒரு நாளும் மேடை ஏறவில்லை. படிப்பு என்றாய், கொழும்பு என்றாய், பிறகு கனடா. நான் காரணம் கேட்கவேயில்லை. எனக்குத் தெரியும் என்று பயந்தேன்.

மன்னித்துவிடு என்று எழுத இத்தனை காலம் எடுத்துவிட்டது. அம்மா இருந்தபோதே சொல்லியிருக்க வேண்டும்.

ஒன்று கேட்கிறேன். அந்த மயானப் பாட்டு உனக்கு இன்னும் பாடமா? பெரியவரிடம் உன்னைப் பற்றிச் சொன்னேன். பாடசாலைப் பையன் அந்தப் பாட்டை எந்தச் சுதியில் எடுத்தான் என்று கேட்டார். எனக்குச் சொல்லத் தெரியவில்லை. தொலைபேசியில் பதிந்து அனுப்பு. முழுவதும் வராவிட்டால் வருகிற அளவுக்குப் பாடு. வெள்ளிக்கிழமைகளில் பின்னேரம் அவர் இங்கே வருவார். இருவரும் விறாந்தையில் இருந்து கேட்கிறோம்.

உன் முழங்கால் விடயம் என்ன முடிவு என்று உடனே எழுது.

என்றும் அன்புடன்,
உன் திரைக்கயிற்றுக்காரன்