கட்டியங்காரனுக்கும் வெட்டு உண்டு

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற ஞாயிறு தங்கள் இதழில் வந்த திரைப்பட இயக்குநரின் நேர்காணலைப் படித்தேன். 1952-ஆம் ஆண்டுத் திரைப்படத் தணிக்கைச் சட்டத்தைப் பற்றியும், 2021-இல் தணிக்கை மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் கலைக்கப்பட்ட பிறகு வெட்டு விழுந்த படத்தோடு உயர் நீதிமன்றப் படியேற வேண்டியிருப்பதைப் பற்றியும் அவர் சொன்னதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால், தெருக்கூத்தாடிக்கு இருக்கும் சுதந்திரம்கூடத் தமக்கு இல்லை என்று போகிற போக்கில் சொல்லிவிட்டுப் போனாரே, அதைத்தான் என்னால் விழுங்க முடியவில்லை.

ஓய்வு பெற்ற தமிழாசிரியனான நான், பென்னாகரம் வட்டாரத்தில் முப்பது ஆண்டுகளுக்கு மேலாக, தெருக்கூத்தில் கோமாளியாகவும் கதையை நடத்துபவனாகவும் வரும் கட்டியங்காரன் வேடம் கட்டி வருகிறேன். மூன்று ஆண்டுகளுக்கு முன், ஊரார் கொடுத்த அனுமதி மனு காவல் நிலையத்திலேயே கிடந்ததால், இரவு எட்டு மணிக்குப் பாதி முகத்து அரிதாரத்தோடு அங்கே போய் நின்றேன். என்ன பேசப் போகிறேன் என்று எழுதிக் கொடுக்கச் சொன்னார் ரைட்டர். கட்டியங்காரன் பேச்சு ஏட்டில் இருப்பதன்று, முன்வரிசையில் உட்கார்ந்திருப்பவர்களைப் பார்த்துப் பிறப்பது என்பது தாங்கள் அறியாததல்ல. முந்தைய ஊரில் துரியோதனனிடம், "மன்னவா, அரண்மனைக்கு ஒகேனக்கல் தண்ணீர் எத்தனை நாளைக்கு ஒருமுறை வருகிறது?" என்று கேட்டிருந்தேன். அதுதான் குற்றம். அரசியல் பேச மாட்டேன் என்று எழுதிக் கையெழுத்திட்டபோது விரலில் இருந்த சிவப்பு அந்தத் தாளிலும் ஒட்டிக்கொண்டது. நாடகங்களைக் கட்டுப்படுத்திய 1954-ஆம் ஆண்டுச் சட்டத்தின் முக்கியப் பிரிவுகளைச் சென்னை உயர் நீதிமன்றம் 2013-லேயே செல்லாதென்று தீர்ப்பளித்துவிட்டது. அந்தச் செய்தி எங்கள் பக்கம் இன்னும் நடந்து வந்துகொண்டிருக்கிறது போலும். கூத்து தொடங்குவதும் இரவு பத்து மணிக்கு, ஒலிபெருக்கியை நிறுத்தச் சொல்வதும் பத்து மணிக்கு.

சினிமாக்காரர்களும் எங்களைத் தேடி வராமல் இல்லை. ஒரு படப்பிடிப்புக்கு எங்கள் ஜமாவின், அதாவது கூத்துக் குழுவின், கிரீடத்தை வாடகைக்கு எடுத்துச் சென்று, குடித்துவிட்டுத் தள்ளாடும் கூத்தாடியின் தலையில் வைத்தார்கள். திரும்பி வந்த கிரீடத்தில் கண்ணாடிச் சில்லுகள் பாதி இல்லை. அந்தக் காட்சிக்குத் தணிக்கைக் குழு ஒரு வெட்டும் தரவில்லை என்பதை இயக்குநர் அவர்களுக்கு ஆறுதலாகத் தெரிவித்துக்கொள்கிறேன்.

சினிமாவுக்கு நாள்தோறும் ஒரு முழுப் பக்கம் ஒதுக்கும் தாங்கள், தருமபுரிப் பதிப்பின் 'இன்றைய நிகழ்ச்சிகள்' பத்தியில், பாரதக் கூத்து நடக்கும் ஊரின் பெயரையும் நேரத்தையும் ஒரு வரியில் வெளியிட வேண்டுகிறேன்.

இங்ஙனம்,
ஒரு கட்டியங்காரன்,
பென்னாகரம் வட்டம், தருமபுரி மாவட்டம்.