வேர் இறங்க மண்ணை விடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

மாதவரத்தில் ஜி.என்.டி. சாலை ஓரம் நானும் என் கணவரும் நர்சரி நடத்துகிறோம். பெரம்பூர், கொளத்தூர், வியாசர்பாடி பக்கம் புதிதாக எழும்பும் அடுக்குமாடிகளுக்குச் செடி கொடுப்பதோடு, குழி எடுத்து நட்டும் தருகிறோம். அங்கே நாங்கள் பார்ப்பதை அதிகாரிகளும் படிக்க வேண்டும் என்றுதான் எழுதுகிறேன்.

கட்டடத்தைச் சுற்றி விட வேண்டிய காலி இடத்தை விடுகிறார்கள், சரி. ஆனால் மதில் வரை பேவர் பிளாக் பதித்துவிடுகிறார்கள். மிச்சம் இருப்பது ஒரு முழ அகலப் பாத்தி. அதில் கடப்பாரை போட்டால் உடைந்த டைல்ஸ், கம்பித் துண்டு, கல்லாக இறுகிய சிமெண்ட் பால், இவைதான் வரும். கலவை மெஷின் கழுவிய தண்ணீரை மாதக்கணக்கில் அங்கேதானே ஊற்றியிருப்பார்கள்! மேலாக நாலு கூடை செம்மண்ணைக் கொட்டிவிட்டு, “இதுலயே வெச்சிடுங்கம்மா, மேலே பச்சையா தெரிஞ்சா போதும்” என்கிறார் சூபர்வைசர். அந்தக் கன்று முதல் கோடையிலேயே மஞ்சளித்து, நுனி கருகிப் போய்விடுகிறது. கையால் வளர்த்துக் கொடுத்தவர்களுக்கு அதைப் பார்க்க வயிறு எரிகிறது.

அதிகாரிகள் பார்வையிட வரும் வாரத்துக்கு மட்டும் தொட்டிச் செடிகளை வாடகைக்குக் கேட்ட பில்டரும் உண்டு. நாங்கள் முடியாது என்று சொல்லிவிட்டோம்.

என்ன நடுவது என்பதிலும் அக்கறை இல்லை. ஆந்திராவில் கடியத்திலிருந்து லாரியில் வரும் அலங்காரப் பனைகளைத்தான் கேட்கிறார்கள். வாசலுக்கு அழகுதான், வெயிலில் வந்து நிற்பவருக்கு நிழல் கிடைக்காது. தண்டையார்பேட்டை, திருவொற்றியூரில் பல இடங்களில் போர் தண்ணீர் உப்பு. அதைத் தாங்கி வளர பூவரசு, புன்னை, புங்கன் இருக்கின்றன. 2016 டிசம்பரில் வர்தா புயல் ஆயிரக்கணக்கான மரங்களைச் சாய்த்ததை நாம் மறந்திருக்க மாட்டோம். வேர் ஓட இடமில்லாமல் சிமெண்டுக்கு நடுவே நிற்கிற மரம் காற்றுக்கு எப்படித் தாங்கும்?

2019-ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி, கட்டட விதிகளில் பொதுத் திறந்தவெளிக்கு இடம் ஒதுக்கச் சொல்லியிருக்கிறார்கள். 10,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனை என்றால் 10 சதவீத நிலத்தைக் கொடுத்தே ஆக வேண்டும். 3,000-லிருந்து 10,000 வரை என்றால் நிலத்துக்குப் பதில் வழிகாட்டி மதிப்பில் பணமாகவும் கட்டலாம். 3,000-க்குக் கீழே எதுவும் வேண்டாம். ஒரு கிரவுண்டு 2,400 சதுர அடி; 3,000 சதுர மீட்டர் என்பது 13 கிரவுண்டுக்கு மேல். எங்கள் பக்கம் பழைய வீட்டை இடித்துக் கட்டுவதெல்லாம் ஒரு கிரவுண்டும் இரண்டு கிரவுண்டும்தான். ஒரு தெருவில் பத்து வீடு இப்படி மாறினாலும் அந்த விதி எட்டிக்கூடப் பார்க்காது. அந்தப் பத்து வீட்டுக் கொல்லையிலும் முன்பு முருங்கையோ வேம்போ இருந்திருக்கும்.

சின்ன மனையில் எப்படி முடியும் என்று கேட்பார்கள். 2003-இல் மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கியபோது ஒரு கிரவுண்டு வீட்டுக்காரர்களும் குழி வெட்டித்தானே செய்தார்கள்? அதேபோல, காலி விடும் இடத்தில் ஒரு பகுதியையாவது கல் பதிக்காமல், கீழே கான்கிரீட் இல்லாமல், கட்டட இடிபாட்டை அள்ளிவிட்டு நல்ல மண்ணாக விட வேண்டும் என்று வரைபட அனுமதியிலேயே எழுதுங்கள். நிலத்துக்குப் பதில் கட்டுகிற பணத்தை அதே வார்டில் பூங்காவுக்கும் சாலையோர மரத்துக்கும் செலவழியுங்கள். வியாசர்பாடியில் வாங்கிய பணம் வியாசர்பாடிக்குத்தான் வர வேண்டும்.

அப்புறம், பணி நிறைவுச் சான்றிதழ் கொடுக்கும் அன்று செடியை எண்ணிவிட்டுப் போவதால் பயனில்லை. பில்டரிடம் ஒரு தொகையை வைப்பாக வாங்கி வைத்துக்கொண்டு, இரண்டு கோடை தாண்டி மரம் உயிரோடு நின்றால் திருப்பிக் கொடுக்கலாம். அப்படிச் செய்தால் தண்ணீர் ஊற்ற ஆள் வைப்பார்கள், குழியையும் ஆழமாகவே எடுக்கச் சொல்வார்கள்.

இப்படிக்கு,
நர்சரி நடத்தும் வாசகி,
மாதவரம், சென்னை - 60